திருட முடியாத கம்ப்யூட்டர்

கிளிஃபர்ட் அவுட்ரமுக்குத் திருட்டு என்றால் ஆகாது. அது யாருக்குத்தான் ஆகும் என்று கேட்பீர்கள். மற்றவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பொருள் போனால்தான் வயிறு எரியும். அவுட்ரமுக்கு எங்கேயோ ஒரு கடையில் யாரோ யாரையோ ஒரு சிட்டிகைத் தேயிலைக்கு ஏமாற்றினாலும் சாப்பாடு இறங்காது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஸ்கோல்ஃபீல்ட் தராசுக் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் அவர். கறிக்கடைக்காரர் கட்டைவிரலால் தட்டை லேசாக அழுத்தினால் உடனே காட்டிக்கொடுக்கும் தராசைச் செய்தவர். அதற்காகக் கம்பெனியில் விருந்து வைத்து அவரை ஒரேயடியாகப் புகழ்ந்து தள்ளினார்கள். அன்றிலிருந்து உலகத்தில் உள்ள எல்லா விரலும் தராசுத் தட்டின் மேல்தான் இருக்கிறது என்று மனிதர் முடிவுகட்டிவிட்டார்.

எண்பத்திரண்டில் இந்த நாட்டுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. ரேடியோ செய்தவன், கால்குலேட்டர் செய்தவன், ஒன்றுமே செய்யாதவன் எல்லாரும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று கிளம்பினார்கள். முதலாளி ஸ்கோல்ஃபீல்டுக்கும் அந்த ஆசை தொற்றியது. தன் வீட்டு டி.வி.யில் சேனல் மாற்றவே மனைவியைக் கூப்பிடுகிற ஆள் அவர். "நம்ம தராசுலயும் சர்க்யூட்டு இருக்கு, அதுலயும் சர்க்யூட்டுதானே இருக்கு, கிளிஃபர்ட்?" என்று கேட்டார். இப்படித்தான் கெஸ்ட்ரல் பிறந்தது.

பொய் சொல்லக் கூடாது, கெஸ்ட்ரல் அழகான பெட்டி. அப்போது ஊரெல்லாம் பறந்துகொண்டிருந்த ஸ்பெக்ட்ரம் என்கிற கம்ப்யூட்டரில் ரப்பர் விசைகள். தொட்டால் செத்த மீனைத் தொட்டது போல இருக்கும் என்று அவுட்ரம் மூக்கைச் சுளிப்பார். கெஸ்ட்ரலில் ஆபீஸ் டைப்ரைட்டரைப் போல அசல் கீபோர்டு. உலோகப் பெட்டி, ஏறி நின்றாலும் நசுங்காது. ஒருமுறை மேலாளர்கள் முன்னால் அவரே ஏறி நின்றும் காட்டினார். எதற்காக ஒருவன் கம்ப்யூட்டர் மேல் ஏறி நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒரு வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர், "எனக்கு இதுதான் வேணும்" என்று ஆசைப்பட்டு ஒரு கெஸ்ட்ரலைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்க வேண்டும். தராசை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை, சட்டத்துக்குப் பயந்து வாங்குகிறார்கள். அது அவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கெஸ்ட்ரல் அந்தக் குறையைத் தீர்க்கும் என்று நம்பினார்.

கெடுத்தது அவருடைய யோக்கியம்தான்.

மற்ற கம்ப்யூட்டர்களில் விளையாட்டு ஏற்ற, பாட்டுக் கேட்கிற சாதாரண டேப் ரிகார்டரும் சாதாரண கேசட்டும் போதும். இரட்டை டேப் வைத்த ரிகார்டர் அப்போது வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் விளையாட்டுக் கேசட், மறுபக்கம் வெறும் கேசட். பட்டனை அழுத்திவிட்டு ஒரு கோப்பை டீ குடித்து வந்தால் இரண்டும் விளையாட்டுக் கேசட். மறுநாள் பள்ளி மைதானத்தில் பண்டமாற்று. ஒருவர் ஒன்று வாங்கினால் வகுப்பே விளையாடும். இந்த விஷயம் காதில் விழுந்த அன்று அவுட்ரம் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்தார். "இது பள்ளிக்கூடமா, திருட்டுச் சந்தையா?"

பழைய தராசு மூளை வேலை செய்தது. கெஸ்ட்ரலுக்கென்று தனி டேப் செய்தார். அளவு வேறு, மூடி முத்திரையிட்டது, வேறு எந்த ரிகார்டரிலும் நுழையாது. உங்கள் கெஸ்ட்ரலில் நீங்களே எழுதிப் பதிந்த டேப்பைக்கூடப் பக்கத்து வீட்டுக் கெஸ்ட்ரல் படிக்காது. கட்டைவிரலைப் பிடித்த மகிழ்ச்சி அவருக்கு மறுபடியும் கிடைத்தது.

விளையாட்டு எழுதுகிறவர்கள் அப்போது பெரிய கம்பெனிக்காரர்கள் இல்லை. வீட்டுப் பின்னறையில் எழுதி, சமையலறையில் கேசட் பதிந்து, பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்துத் தபாலில் விற்கிறவர்கள். அப்படி ஒருவர் பார்ன்ஸ்லியிலிருந்து அவுட்ரமைத் தேடி வந்தார்.

"சார், மிஷினு பிரமாதம். கேம் ஒண்ணு எழுதியாச்சு. டேப்பு நானே வீட்ல போட்டுக்கலாமில்ல?"

"முடியாது. எங்க கிட்ட குடுங்க, பரிசோதிச்சு, முத்திரை வச்சுத் தருவோம். ஆறு வாரம் ஆகும்."

"ஆறு வாரமா? அதுக்குள்ள என் கேம் கிழடாயிடுமே சார்."

அவர் போனவர் போனவர்தான். ஆகையால் கெஸ்ட்ரலுக்கு ஸ்கோல்ஃபீல்ட் கம்பெனி தானே டேப்புகள் போட்டது. வீட்டு வரவுசெலவு. பிரெஞ்சு வினைச்சொற்கள். தோட்டக்காரர் நாள்காட்டி. கேளிக்கைக்குச் செஸ். கம்ப்யூட்டர் பத்திரிகைகள் கெஸ்ட்ரலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. அவர்களுக்கு அது ஓசியில் வந்தது. மாலையில் வீட்டுக்குப் போய் அவர்களும் ஸ்பெக்ட்ரம் ரப்பர் பெட்டியில்தான் விளையாடினார்கள்.

அவுட்ரமின் மகள் லின்ட்சிக்கு அடுத்த வருஷம் ஜூனில் பிறந்தநாள். வகுப்புத் தோழிகள் ஜெல்லியும் சாண்ட்விச்சும் தின்றுவிட்டு முன்னறைக்கு வந்தார்கள். டி.வி.க்கு முன்னால் கெஸ்ட்ரல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"என்னென்ன கேம்டி வச்சிருக்க?" என்று கேட்டாள் மேண்டி என்கிற பெண்.

"செஸ்," என்றாள் லின்ட்சி.

"அப்புறம்?"

"பிரெஞ்சு வினைச்சொல்லு."

மேண்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "எங்கிட்ட ஒரு ஷூ டப்பா நிறைய இருக்கு!"

வாசற்படியில் நின்ற அவுட்ரம் விடுவாரா? "அவ்வளவும் காசு குடுத்து வாங்கினதாம்மா?"

"காசா? ரெண்டுதான் அங்கிள் வாங்கினது. மத்ததெல்லாம் மாத்திக்கிட்டது."

"அதுக்குப் பேரு திருட்டும்மா."

மேண்டி கொஞ்சம்கூட அசரவில்லை. "அப்ப எங்க கிளாஸ்ல எல்லாரும் திருடங்கதான் அங்கிள். லின்ட்சி ஒருத்திதான் நல்லவ. அதான் அவகூட யாரும் விளையாட மாட்டேங்கறாங்க."

தோழிகள் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். லின்ட்சி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி பெரில் தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "கிளிஃப், அவளுக்கும் ஒரு ஸ்பெக்ட்ரம் வாங்கிக் குடுத்துடேன். பாவமா இருக்கு."

"என் வீட்லயா?" என்றார் அவுட்ரம். அத்தோடு பேச்சு முடிந்தது. மகள் அழுத சத்தம் படியிறங்கி வந்தது. அதையும் தன் கொள்கைக்குச் செலுத்திய காணிக்கையாகத்தான் அந்த மனிதர் எடுத்துக்கொண்டார்.

செப்டம்பரில் லீட்ஸுக்குப் போனார். வடக்கு முழுக்கக் கிளை வைத்திருந்த ஒரு கடைக் குழுமத்துக்குக் கொள்முதல் செய்கிற மிஸஸ் கார்ட்ரைட்டைப் பார்க்க. கிறிஸ்துமஸுக்கு அந்த அம்மாள் எதை அடுக்குகிறாரோ அதுதான் விற்கும். அவர் கெஸ்ட்ரலைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், டீயில் பிஸ்கட்டை நனைத்தார்.

"அழகா இருக்கு கண்ணு. கை எடுக்கவே மனசு வரல. ஒண்ணே ஒண்ணு. சாதா டேப் ரிகார்டர் ஒயர் சொருகறதுக்குப் பின்னால ஒரு ஓட்டை போட்டுக் குடு. எல்லாக் கடையிலயும் அடுக்கிடறேன்."

"அப்படிப் பண்ணா காப்பி எடுப்பாங்க, மேடம்."

"எடுக்கட்டுமே. அதுக்குத்தானே வாங்கறாங்க! அப்பன் காசு குடுக்கறப்போ 'பிள்ளை படிப்புக்கு'ம்பான். சும்மா. ஊர்ல நாலு பேரு ஒரே பொட்டியை வாங்கி, அவங்களுக்குள்ள டேப்பை மாத்திக்கிட்டாத்தான் அஞ்சாவது ஆளு என் கடைக்கு வருவான். உன் பொட்டியை வாங்கறவன் யாரோட மாத்திப்பான், சொல்லு?"

"திருடங்களுக்கு நான் கதவைத் திறந்து விட மாட்டேன்."

மிஸஸ் கார்ட்ரைட் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "உனக்குக் கம்ப்யூட்டர் விக்கணுமா, சர்ச்சுல பிரசங்கம் பண்ணணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு கண்ணு, எனக்கு வேலை இருக்கு."

அவுட்ரம் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். விஷயம் தெரிந்து முதலாளி ஓடி வந்தார். "ஒரு ஓட்டைதானேப்பா?" என்று கெஞ்சினார். ஓட்டை போட்டால் அன்றைக்கே ராஜினாமா என்றார் அவுட்ரம். கெஸ்ட்ரலுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத முதலாளி, பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார். இரண்டு பேரில் யார் பெரிய மூடர் என்று இன்றைக்கும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. கம்ப்யூட்டர் கடைகளில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீனும் சிப்ஸும் விற்கிற கடைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வரிசை நிற்கிற கடையில்தானே நாமும் போய் நிற்போம்? எண்ணெய் எது நல்லது என்று யார் எட்டிப் பார்க்கிறார்கள்? ரப்பர் பெட்டி கிடைக்காமல் அப்பன்மார்கள் கடைக்குக் கடை அலைந்தார்கள். கெஸ்ட்ரல் வைத்திருந்த ஒன்றிரண்டு கடைகள் ஈ ஓட்டின. நல்ல கீபோர்டு வேண்டும் என்று எந்தக் குழந்தை அழுதிருக்கிறது? கீபோர்டுக்கு உருகினவர்கள் பத்திரிகைக்காரர்களும் அவுட்ரமும்தான்.

ஜனவரியில் கெஸ்ட்ரல் பிரிவை மூடினார்கள். பெட்டியின் பாகங்களைக் கோத்துக்கொடுத்த பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருத்தி போகிற போக்கில் அவுட்ரமின் அறைக்குள் தலையை நீட்டி, "ஒரு ஓட்டைக்கு ஆசைப்பட்டோம், சார். அதுகூடக் கிடைக்கல," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவுட்ரம் மட்டும் பத்திரமாகத் தராசுப் பிரிவுக்குத் திரும்பினார். நாடே திருட்டுக் கும்பலாகிவிட்டது என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மக்கள் கெஸ்ட்ரலுக்கு ஆசைப்படாமல் இல்லை, ஆசைப்படும் யோக்கியதை மக்களுக்கு இல்லை என்பது அவர் கட்சி.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பெரிலின் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால் பின்பக்க ஜன்னல் உடைந்து கிடக்கிறது. டி.வி. இல்லை. வீடியோ ரிகார்டர் இல்லை. சமையலறையில் சாண்ட்விச் டோஸ்டரைக்கூட விடவில்லை.

"டோஸ்டரைப் போய் எடுத்திருக்கானுங்களே!" என்று பெரில் தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட ஓடினாள்.

அவுட்ரம் முன்னறையில் நின்றார். டி.வி.யோடு இணைத்திருந்த கெஸ்ட்ரலைத் திருடன் பொறுமையாகக் கழற்றியிருந்தான். ஒயரை அழகாகச் சுருட்டி, பெட்டியைக் கம்பளத்தின் மேல் ஓரமாக, யார் காலும் இடறாதபடி வைத்திருந்தான். முத்திரையிட்ட டேப்புகளை அதன் மேல் அடுக்கியிருந்தான். அவசரத்தில் விட்டுப்போனது இல்லை. கையில் எடுத்துப் பார்த்து, பெயரைப் படித்து, வேண்டாம் என்று வைத்தது.

டி.வி. போன இடத்தை அவுட்ரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போலீசுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கெஸ்ட்ரலை இரண்டு கையாலும் தூக்கினார். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்து, தூசி உறிஞ்சுகிற மிஷினுக்குப் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்தினார். திரும்பினால் லின்ட்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கான்ஸ்டபிள் பீட்டி வந்தார். பெரில் டீ கொடுத்தாள். என்னென்ன போயிற்று என்று கேட்டார்.

"டி.வி., வீடியோ, டோஸ்டர்," என்றார் அவுட்ரம். "அப்புறம் ஒரு கம்ப்யூட்டர்."

பெரில் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடப்பாவமே. பாப்பாவுக்கு மனசு ஒடிஞ்சிருக்குமே," என்றார் பீட்டி. "ஸ்பெக்ட்ரமா சார்?"

"கெஸ்ட்ரல்."

பீட்டி எழுதுவதை நிறுத்தினார். "கெஸ்ட்ரலா? அதையா தூக்கிட்டுப் போனானுங்க?"

"ஏன், அதுக்கென்ன?"

"இல்ல சார், இந்தக் கும்பலை எனக்குத் தெரியும். விலை போறதைத்தான் தொடுவானுங்க. மேல்தெருவுல ஒரு வீட்ல இதே பொட்டி இருந்துச்சு, தூக்கிட்டுப் போய், வெளிக் கேட்கிட்டயே வச்சுட்டுப் போயிட்டானுங்க. நல்லா தேடிப் பாருங்க. வீட்லதான் எங்கயாச்சும் கிடக்கும்."

ஒரு சிட்டிகைத் தேயிலைக்குச் சாப்பாடு இறங்காத அந்த மனிதர் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது.

"போயிடுச்சுன்னு சொல்றேன்ல! எவனோ ஒருத்தன் ஆசைப்பட்டுத்தான்யா எடுத்துட்டுப் போயிருக்கான். எழுதுங்க. ஆசைப்பட்டு எடுத்துட்டுப் போயிட்டான்னு எழுதுங்க!"

பீட்டி மூக்கைத் தேய்த்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். மாடிப்படி அலமாரியின் கதவுக்கு அடியில் சாம்பல் நிற ஒயரின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லின்ட்சி எழுந்து போய் அதன் மேல் நின்றுகொண்டாள்.