முடியாது என்று சொல்லாத பள்ளிக்கூடங்கள்

கோயமுத்தூரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், அது எனக்கு உறைக்க மூன்று பள்ளிக்கூடங்கள் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம். வார்த்தைகள் கொஞ்சம், பிடிவாதம் ஏராளம். பிடிவாதம் என் பக்கத்துச் சீதனம் என்பார் என் கணவர். முதல் பள்ளியில் முதல்வர் எழுந்து நின்று வரவேற்றார். அவளுக்கு பிஸ்கட், எங்களுக்குக் காபி. "தங்கமான புள்ளைதானுங்க. பாத்துட்டு நாங்களே கூப்படறோங்க" என்றார். இடம் கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டி, நேராகக் கடைக்குப் போய் ஷூவும் பையும் வாங்கினோம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியும் ஆயிற்று. பள்ளி திறந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேன் ஏறிப் போனார்கள். எங்களுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை.

இரண்டாவது பள்ளியிலும் அதே காபி, அதே கும்பிடு. மூன்றாவதில் எனக்குப் பொறுக்கவில்லை. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிப்போடுங்க சார், நாங்க வேற பக்கம் பாத்துக்கறோம்" என்றேன். அவர் பதறிப்போய், "அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்று இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னார். என் கணவர் அதையும் வாங்கிக் குடித்தார்.

அதன்பிறகு ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போனோம். அங்கிருந்த ஆசிரியை மகளோடு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, "இவ இங்க வேண்டாங்க, மத்த புள்ளைங்க சத்தத்துக்கு நடுவுல இருக்கோணுங்க" என்றார். தொண்டாமுத்தூர் போகிற வழியில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைச் சொல்லி அனுப்பினார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு டீச்சர் அங்கே உண்டாம்.

அங்கே காபி வரவில்லை. தலைமையாசிரியை எடுத்த எடுப்பில், "கோபம் வந்தா என்ன பண்ணுவா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாளுங்க" என்றார் என் கணவர்.

"கடிப்பாளுங்க" என்றேன் நான்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "ஒரு வாரம் உட்டுப் பாருங்க. ஆகலீன்னா ஆகலீன்னு சொல்லிப்போடுவேன். சங்கடப்படக் கூடாது."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த வாரம் நான் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. இதுவும் போனால் போவதற்கு வேறு பள்ளி இல்லை. போன் அடித்தாலே பள்ளிக்கூடமோ என்று எண்ணைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முற்பகலில் பள்ளியிலிருந்தே அழைப்பு வந்தது. "கொஞ்சம் வாரீங்களா..." என்று தலைமையாசிரியை தொடங்கியதுமே, "வாரேங்க" என்று வைத்துவிட்டேன். மிச்சத்தைக் கேட்கத் தைரியம் இல்லை. ஸ்கூட்டரில் போகிற வழியெல்லாம் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

வகுப்பறை வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என் மகள் தலையிலிருந்து கால்வரை நனைந்து, துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளைப் போலவே நனைந்த இன்னொரு சிறுமி. டீச்சர் இடுப்பில் கைவைத்து நின்று, "ரெண்டு பேரும் தண்ணிக் கொடத்தைக் கவுத்தீங்கல்ல, ரெண்டு பேருந்தான் தொடைக்கோணும்" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அவதான் மொதல்ல ஊத்துனா!" என்று அந்தச் சிறுமி என் மகளைக் கைகாட்டினாள். என் மகள் அவள் கையைத் தட்டிவிட்டு, "நீ" என்றாள்.

என் மகள்மேல் கோள் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. அதுவரை அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாவம் என்றார்கள். கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள். வீட்டுக்கு வெளியே ஒருவர்கூட அவளை அதட்டியதில்லை. அந்தச் சண்டையைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

தலைமையாசிரியை பின்னால் வந்து நின்றார். "மாத்துத் துணி எங்கீங்க? சொல்லறதுக்குள்ள போனை வெச்சுட்டீங்க."

"ஆகுமா ஆகாதான்னு இப்பவே சொல்லிப்போடுங்க" என்றேன்.

"அனுப்பறதா இருந்தா ஈரத்தோடயே அனுப்பியிருப்பனுங்க. திங்கக்கிழமையிலிருந்து பையில ஒரு செட் துணி வெச்சு உடுங்க."

சுவரோரமாகத் திரும்பி நின்று அழுதேன். எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. கோள் சொன்ன சிறுமி துடைப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க ஆன்ட்டி, உங்களையும் திட்டிப்போட்டாங்களா?"

"ஆமாங் கண்ணு" என்றேன்.