ட்ரையர் குழாயடிச் சேம்பு

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுப் பின்சுவரோரம் அம்மா சேம்பு வளர்த்தார். மொன்றியல் குளிருக்கு அது விசர் வேலை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் மண் இறுகுமுன் கிழங்கைக் கிண்டி, பேப்பரில் சுற்றி, பேஸ்மென்டில் பெட்டிக்குள் வைக்கவேண்டும். எனக்கு ஒன்பது வயதான வருடம் அப்பா அந்த வேலையை என்னிடம் விட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். கடைசியில் போனபோது மண் கல்லாகியிருந்தது. மண்வெட்டி இறங்கவில்லை. கை விறைத்தது. நாலு கல்லைப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கிண்டியாயிற்று என்று சொன்னேன்.

பேஸ்மென்டில் அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். ஆறு மாதம் என்று வந்தவர், இரண்டு வருடமாகியும் போகவில்லை. பெட்டி அவருடைய கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. குளிர்காலம் முழுக்க யாராவது படியிறங்கினால் நானும் பின்னாலேயே இறங்குவேன். ஒருநாள் பெட்டியின் மூடி விலகிக் கிடந்தது. மாமா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அதை மூடிவைத்தார்.

மே மாதம் அம்மா பெட்டியைத் திறந்தார். கற்களைக் கண்டதும் அப்பா மாமாவிடம் திரும்பினார்.

"கிழங்கை அவிச்சுத் திண்டிட்டுக் கல்லை வைச்சனியோ?"

நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். மாமா என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஓம் அத்தான். நான்தான்."

"அப்ப வேற இடம் பார்."

அந்தக் கிழமையே மாமா நகரின் இன்னொரு மூலையில், லாசாலில், ஒரு அறைக்குப் போனார். போகும்போது என் தலையில் தட்டி, "கல்லுக்கறி நல்ல ருசி, பிள்ளை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூனில், பின்சுவரில் உடுப்புக் காயவைக்கும் ட்ரையரின் சூட்டுக்காற்று வெளியேறும் குழாயடியில் ஒரே ஒரு சேம்பு முளைத்தது. மற்றவை அழுகிவிட்டன. இதை மட்டும் அந்தச் சூடும் சுற்றிக் குவிந்து கிடந்த பனியும் சாகவிடவில்லை. கிண்டி எடுத்த கிழங்கு மண்ணில் எப்படி முளைக்கும் என்று அம்மா என்னைக் கேட்டார். அழுது எல்லாவற்றையும் கக்கினேன். அடி விழும் என்று நின்றேன். விழவில்லை.

"இஞ்சரப்பா, தம்பியைத் திரும்பக் கூப்பிடுவமே?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டார்.

அப்பா குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். "கிழங்கு தப்பிட்டுது. அது போதும்" என்றுவிட்டு உள்ளே போனார்.

மாமாவைத் துரத்தியது நான்தான் என்று பல வருடம் நினைத்து வெந்தேன். கிழங்கைக் கிண்டச் சொல்லி மண்வெட்டியை என் கையில் தந்ததே அப்பாதான். பெட்டிக்குள் கல் கிடந்த அன்று அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாவை அனுப்ப அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது; ஒன்பது வயதில் அது எனக்கு உறைக்கவில்லை.