காலிக் கட்டம் இல்லாத இதயப் பிரிவு

இதயப் பிரிவில் அவருக்கு 'நூறு சதவீதம்' என்று பெயர். கணினிப் பதிவுகளைக் கவனிக்கும் அதிகாரி. எந்த நோயாளியின் பதிவிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது என்பதற்காகத் தலைமையகம் பாராட்டுப் பத்திரமே கொடுத்திருந்தது. அதை மேசைமேல், எதிரே உட்காருகிறவர் கண்ணில் குத்துகிற மாதிரி நிறுத்தியிருந்தார்.

எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் தகவல் எழுத வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். இவர் கையில் கொடுத்ததுதான் வினை. இதயம் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் ஒரு கட்டம். ஸ்கேன் எடுக்காமல் அது தெரியாது. காலியாக விட்டால் பக்கம் நகராது.

"தெரியலேன்னா அறுபது போடுங்க. நல்லா இருக்கறவங்களுக்கு அதானே?" என்றார் பதிவு மேசை ஊழியர்களிடம்.

அன்றிலிருந்து பதிவு மேசையைத் தாண்டிய அத்தனை பேருக்கும் இதயம் பிரமாதம். ஸ்ட்ரெச்சரில் வந்தவருக்கும் அறுபது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மாமனார் வந்தார். கால்கள் வீங்கி, மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. புதிதாகச் சேர்ந்த டாக்டர் திரையில் அறுபதைப் பார்த்தார். நுரையீரல் டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் தேதி குறித்தார்.

நூறு சதவீதத்தின் அறைக்கு அவர் மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, அப்பாவுக்கு இதயத்துல ஒண்ணுமில்லையாம். உங்க கம்ப்யூட்டர் சொல்லுதாம். வீட்டுக்குப் போகச் சொல்றாங்க. மனுஷன் படுக்க முடியாம உக்காந்தே தூங்குறாருங்க!"

நூறு சதவீதத்துக்கு வியர்த்தது. உண்மையைச் சொன்னால் பாராட்டுப் பத்திரம் போகும். சொல்லாவிட்டால் மாமனார் போவார். எது பரவாயில்லை என்று யோசிக்க அவருக்கு முழுதாக நான்கு நிமிடம் பிடித்தது.

பிறகு ஸ்கேன் எடுக்கும் அக்காவிடம் போய்க் கிசுகிசுத்தார். "சும்மா ஒருதடவை எடுத்துப் பாத்துடலாமே."

"அறுபதுன்னு இருக்கே சார்? உங்க பதிவுல தப்பு வருமா?" சிரிப்பை அடக்க அவள் பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை.

"எடும்மா தாயே!"

இருபத்தெட்டு. உடனே படுக்கை, ஊசி, ஆக்சிஜன். சாயங்காலம் மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை இங்க இருக்கப்போய்த்தான் பொழைச்சேன்."

மாப்பிள்ளை கையை உருவிக்கொண்டு பதிவைத் திருத்தப் போனார். மாற்றத்துக்குக் காரணம் கேட்டது கணினி. இயந்திரக் கோளாறு. அலுவலர் தவறு. நோயாளி தவறான தகவல் அளித்தார். மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும்.

மூன்றாவதைத் தொட்டார்.

கீழே வரிசையாக நின்ற மற்ற அறுபதுகளை அவர் தொடவில்லை. அவர்களுக்கெல்லாம் மாப்பிள்ளை வேறு யாரோ.