காஞ்சிபுரத்தில் இரண்டு பண்ணை

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து கிளம்பினேன். கையில் அகன்ற வாய் உள்ள இரண்டு மண்பானைகள், கயிற்று உறி, இடுப்பு முடிச்சில் ஊர்ப் பணம். செங்கல்பட்டு வரை பதினெட்டு மைல், எழுபத்தைந்து பைசா. ஒரு பானையை மடியிலும் ஒன்றைக் கால்களுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டேன். பஸ் திரும்பிய ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று உடைந்துவிட்டதாகவே நினைத்தேன். உடையவில்லை.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்றடிக்கும் மாதங்களில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போக முடியாது. அப்போது முகத்துவாரத்தில் சின்னக்கண் வலையை இறக்கி, விரல் நீளம்கூட வளராத மடவை மீன் குஞ்சுகளை அள்ளிவிடுகிறார்கள். வயிறு கேட்கிறது, யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் அந்தக் குஞ்சு வளர்ந்துதானே கடலில் மீன். வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருவது என் கண்ணுக்குத் தெரிந்தது, ராத்திரி தூக்கம் போயிற்று. ஊர்க் குளத்தில் கெண்டை வளர்த்தால் அந்த மாதங்களுக்கு ஆகும் என்று நான்தான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். போன வருஷம் குஞ்சு விட்டோம். மழையில் குளம் நிரம்பி வடிகால் வழியாக எல்லாம் போய்விட்டது. குறுக்கே வலை கட்டித்தான் இருந்தோம். நண்டு கடித்துக் கிழித்துவிட்டது. வலைக்காரர்கள் கட்டிய வலையே நிற்கவில்லை என்று பக்கத்து ஊர் வரை சிரிப்பு. இந்த வருஷமும் போனால் குளம் பேச்சு இதோடு சரி, சின்னக்கண் வலையைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் இருபத்திரண்டு மைல். எட்டரை மணிக்கு இறங்கினேன். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றால் முட்டிக்கொள்வோம், அத்தனை சைக்கிள். ஜட்கா வண்டிக்காரர் காதர் பாய் பானைகளைப் பார்த்துவிட்டு, "கல்யாண ஊடா?" என்றார்.

"இல்ல பாய். பண்ணைக்குப் போவணும். குஞ்சு வாங்கணும்."

"எத்தினி?"

"ஐந்நூறு."

"ஐந்நூறு குஞ்சமா? பெரிய ஆர்டரா கீதே. பண்ணை, குஞ்சம் எல்லாம் பிள்ளையார்பாளையம்தான். ஏறு."

அறுபது பைசா பேசி ஏறினேன். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே, ஏதோ தப்பு இருக்கிறது என்று எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மீன் பண்ணை என்றால் ஏரி வேண்டாமா? வண்டி போன தெருவில் தண்ணீர் என்று பார்த்தது, சாயப் பட்டறையிலிருந்து சிவப்பாக ஓடிய சாக்கடை ஒன்றுதான். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்.

ஒன்பது மணிக்கு ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே ஒருவர் மூங்கில் சீவல்களை வரிசையாக நிறுத்தி, நூல் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். பெயர் வேதாசலம். "பண்ணைதானே? எந்தத் தறிக்கு?" என்றார். நான் விழித்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றும் புகுந்து வருகிற, சீப்பு மாதிரியான அச்சுக்கு இந்த ஊரில் பெயர் பண்ணை. குறுக்கே போகும் ஊடை நூலைத் தட்டி நெருக்குவதும் அதுதான். எழுத்தில் எப்படியோ, நான் நாலாவதோடு நின்றவன், என் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தது. நான் கேட்ட குஞ்சு, புடவை முந்தானையில் தொங்கும் குஞ்சமாகிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி சுலோசனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மீனு வாங்க வந்தவர இங்க கொண்டாந்து உட்டுட்டியா பாய்? நல்லாத்தான் ஓட்டுற வண்டி."

"அவுருதான் பண்ணைன்னாரு. நான் இன்னா கண்டேன்? வாசனை அடிச்சிருந்தா கண்டுபுடிச்சிருப்பேன்" என்றார் காதர் பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரம் போகிறதே என்ற கவலை. எழுந்தவன், சுவரில் சாத்தியிருந்த பழைய பண்ணை ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நெருக்கமான சீவல், எல்லாச் சந்தும் ஒரே அளவு. தண்ணீர் போகும், குஞ்சு போகாது. மூங்கிலை நண்டு கடிக்குமா? கடித்தாலும் எத்தனை நாள் கடிக்கும்?

"இதே மாதிரி மூணு அடி அகலம், ஒரு முழம் உயரத்துக்குக் கட்டித் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"அத்தினி உயரத்துல எவன் நெய்வான்?"

வடிகால் கதையையும் முகத்துவாரத்துக் கதையையும் சொன்னேன். வேதாசலம் சீவலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "சந்து எவ்ளோ உடணும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

"நூலக் காட்டாம பண்ணை கட்டுன்னா எப்டிபா? எங்கிட்ட வர்றவன் நூலோடதான் வருவான். நீ மீன எடுத்துக்கினு வா. அதப் பாத்துதான் நூல் சுத்துவேன். சுத்துற நூலு தடிப்புதான் சந்து."

நிஜமான மீன் பண்ணை ஏனாத்தூர்ப் பக்கம், ஏரியை ஒட்டி இருந்தது. காதர் பாய் தன் தப்புக்குப் பாதி வாடகைதான் வாங்கினார். போய்ச் சேரும்போது பதினொன்று. சின்னச் சின்னத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் நிழல் மாதிரி அசையும் குஞ்சுக் கூட்டம். வேலையாள் முனுசாமி என் பானைகளைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னிக்குக் குடுக்க மாட்டேன். வயித்துல தீனியோட போனா தண்ணிய அசிங்கம் பண்ணிக்கினு அதுலயே செத்துப்பூடும். பட்டினி போட்டு வெக்கிறேன், நாளைக்கு நாலு மணிக்கெல்லாம் வந்துடு. வழியில பானையக் குலுக்கிக்கினே போவணும், புரியுதா? ஆடாம வெச்சியோ அவ்ளோதான்."

காலையிலிருந்து பானை ஆடக் கூடாது என்று கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அளவு பார்க்க ஒரு குஞ்சு வேண்டும் என்றேன். ஒரு அலுமினியக் குவளையில் விட்டுக் கொடுத்தார். அங்குல நீளம். பிள்ளையார்பாளையம் வரை ஜட்காவில் அந்தக் குவளையை ஆட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு தரம் அது பக்கவாட்டில் சாய்ந்தது. காதர் பாய் வண்டியை நிறுத்தி, குவளைக்குள் பார்த்து, "தூங்குதுபா, நீ ஏன் எழுப்புற?" என்றார். மறுபடி நிமிர்ந்து நீந்தியது.

பகல் ஒரு மணி முதல் நாலு மணி வரை வேதாசலம் கட்டினார். குஞ்சைக் கையில் எடுக்கவில்லை. குவளைக்கு மேலாகக் குனிந்து பார்த்து, ஒரு கம்பு மணி அளவு சந்து போதும் என்றார். அதற்குத் தகுந்த கயிறாகத் தேர்ந்து, ஒரு சீவல், ஒரு சுற்று, ஒரு சீவல், ஒரு சுற்று என்று போய்க்கொண்டே இருந்தார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா வேதாசலம், யானைக்கு வேட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் நிமிரவில்லை.

கட்டி முடிந்ததும் சுலோசனா சாயத் தொட்டியைக் கழுவி நிரப்பினாள். நடுவில் பண்ணையைச் செருகினோம். ஒரு பக்கம் குஞ்சை விட்டு, அதன் பின்னாலிருந்து குடம் குடமாக ஊற்றினாள். தண்ணீர் வேகத்தில் அந்தக் குஞ்சு சீவலில் வந்து மோதியது. மூக்கை ஒரு சந்தில் வைத்தது. போய்விட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தெறங்க. அங்கியேதான் கீது" என்றாள் சுலோசனா.

அடுத்த சந்து, அதற்கடுத்த சந்து என்று தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பி நீந்தியது. அப்போதும் என் கவலை விடவில்லை. குப்பை அடைத்துக்கொண்டால், குளம் பொங்கி மேலே வழியுமே என்றேன்.

"தறியிலயும்தான் தூசி அடையும். தெனம் தூத்துடுவோம். காலையில ஒருவாட்டி தென்னந்தொடப்பத்தால ஒரு இழு இழுங்க. அதுகூடவா செய்ய மாட்டீங்க?"

வேதாசலம் நாலரை ரூபாய் கேட்டார். கொடுத்தேன். வாசல் வரை வந்தவர், முகத்துவாரத்தில் எங்கள் வலையின் கண் எவ்வளவு என்று கேட்டார். சுண்டு விரல் நுனி நுழையாது என்றேன். "குஞ்ச நிறுத்தறதுக்குத்தான் நெருக்கமா கட்டுனேன். நீங்க கடல்ல நெருக்கமா கட்டிக்கினு குஞ்ச எடுக்கறீங்களே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்கு இடிக்கிறது என்கிற மாதிரி சொன்னார். நான் மூன்று வருஷமாக ஊரில் சொல்ல முயன்றது அதுதான். இவ்வளவு சுருக்கமாக எனக்கு வந்ததில்லை.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு மீன் பண்ணையில் ஐந்நூறு எண்ணி வாங்கினேன். குவளைக் குஞ்சோடு ஐந்நூற்றி ஒன்று. முதல் பஸ்ஸில் கண்டக்டர், "லக்கேஜ்ல உசுரு கீதா?" என்று கேட்டு இரண்டு டிக்கெட் போட்டார். மூங்கில் பண்ணையைக் கூரை மேல் கட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பூக்கார அம்மாள் நான் குலுக்குவதை வாலாஜாபாத் வரை பார்த்தாள். பிறகு ஒரு பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இரு, ஒண்ண நான் ஆட்டறேன். உன்னப் பாத்தா எனக்கே மயக்கம் வருது" என்றாள். செங்கல்பட்டு ரோடு குண்டும் குழியுமாக இருந்ததற்கு அன்றைக்கு முதல் முறையாக நன்றி சொன்னேன்.

ஒன்பதரை மணிக்கு ஊர். பானைகளைக் குளத்து நீரில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போன பிறகு சாய்த்தோம். செத்திருந்தவை பதினொன்று. இருபது வரை நான் எதிர்பார்த்திருந்தேன். அன்றைக்கே வடிகாலின் குறுக்கே பண்ணையைச் செருகி நிறுத்தினோம்.

இதை எழுதும்போது ஐப்பசி மழை நான்கு நாளாகக் கொட்டி ஓய்ந்திருக்கிறது. குளம் நிரம்பி வடிகால் ஓடுகிறது. தினமும் விடிந்ததும் துடைப்பத்தோடு போகிறேன். நேற்று பண்ணைக்கு உள்பக்கம் விரல் நீளக் கெண்டைகள் கூட்டமாக வந்து, சீவல்களை மூக்கால் தொட்டுத் தொட்டுத் திரும்பின. ஊரில் பாதிப் பேர் வந்து கரையில் நின்றார்கள். எங்கள் ஊரில் வலையின் கண் சிறுத்தால் கை தேர்ந்தவன் என்று பெயர். காஞ்சிபுரத்தில் எதற்கு எந்தச் சந்து என்று முதலில் கேட்கிறார்கள். மீனைக் கொண்டுவா, பிறகுதான் கட்டுவேன் என்கிறார்கள். இதை அவர்களிடம் சொன்னேன். வரும் காற்று மாதத்தில் சின்னக்கண் வலையை வெளியே எடுக்க வேண்டாம், குளத்தைப் பார்த்துக்கொள்வோம் என்று ஊர்ப் பெரியவர்களில் மூத்தவரே சொன்னார்.

போகும்போது அவர் மூங்கிலைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை. இத எங்க வாங்கின?" என்றார்.

"பண்ணையில" என்றேன்.

"ஆங், மீன் பண்ணைக்காரனுக்குத் தெரியாததா" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார்.