கதவு மறைவில் என் சாப்பாடு

சின்னப் பிள்ளைகள் பார்க்கச் சாப்பிட்டால் வயிறு வலிக்கும் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவள் நான். தியாகதுருகத்தில் எங்கள் தெருவே அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம். ஏங்கிப் பார்க்கிற கண் சோற்றில் பட்டால் செரிக்காதாம். கல்வராயன் மலையில் ஓர் அங்கன்வாடியில் எனக்கு வேலை கிடைத்தபோது, டிபன் பாக்ஸோடு இந்தப் பழக்கமும் என்னோடு பஸ் ஏறியது.

கள்ளக்குறிச்சியில் காலை பஸ்ஸைப் பிடித்து, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேருவேன். மையத்தில் பதினாறு பிள்ளைகள். சமைப்பது உதவியாளர் அக்கா, அதே ஊர்க்காரர். பருப்பும் கீரையும் போட்டு அவர் கிண்டும் சாதம் தெரு முனை வரைக்கும் மணக்கும். பிள்ளைகளுக்குத் தட்டில் போட்டு, முட்டையை உரித்து வைத்துவிட்டு, நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து என் வீட்டுச் சோற்றை அவசர அவசரமாக விழுங்குவேன். ரொம்ப நாகரிகமாக நடந்துகொள்கிறேன் என்று எனக்கு நினைப்பு வேறு.

பதினாறில் ஒருத்தி சாப்பிட மாட்டாள். நாலு வயசுப் பெண். குச்சிக் கை, குச்சிக் கால், கண் மட்டும் இவ்வளவு பெரிசு. மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்போம். மற்றப் பிள்ளைகளின் கோடு மெல்ல மேலே ஏறும். இவள் கோடு முதலில் படுத்தது, பிறகு இறங்கியது. பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் இறங்கினால் சிவப்பு. சிவப்புக்குப் போனால் கீழே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அம்மாவும் கூடவே இருக்க வேண்டும். அது சாமை அறுப்பு நேரம். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தார், காட்டில் அம்மா ஒருத்திதான். காலையில் பஸ் ஏறும்போதே அந்தப் பிள்ளையை நினைத்துப் பயப்பட ஆரம்பித்துவிடுவேன்.

செய்யாத வித்தை இல்லை. திருக்கோவிலூரில் நடந்த பயிற்சியில் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். கேரட்டுக்குப் பாட்டுப் பாடினேன். சோற்றில் பீட்ரூட் வில்லையால் கண்ணும் வாயும் வைத்துக் காட்டினேன். பதினைந்து பேரும் குதித்தார்கள். அவள் அந்தச் சோற்று மூஞ்சியை என்னைப் பார்ப்பது போலவே பார்த்தாள், முறைத்து. பிள்ளைகள் கொண்டுவரும் மசாலா பாக்கெட்டுகளைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதனால் பீரோதான் நிறைந்தது.

எனக்குப் பொறுமை கம்மி. ஒருநாள் மடியில் இழுத்து உட்கார வைத்து, முட்டையைப் பிட்டு வாயில் திணித்துவிட்டேன். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "வாயத் தொற. முழுங்கிட்டியா பாக்கறேன். நாக்கத் தூக்கு!" என்று அதட்டினேன். அழவில்லை. எழுந்து வெளியே போய்ப் பலா மரத்தடியில் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுநாள் மையத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மையம் முடிந்ததும் அவர்கள் காட்டுக்கே போனேன். அம்மாவை நன்றாகக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று போகிற வழியெல்லாம் மனதுக்குள் வசனம் தயார் செய்துகொண்டேன். போனால், காட்டோரக் கொட்டகையில் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சட்டியில் சாமைச் சோறு, மேலே கீரைக் கடைசல். அம்மா முதலில் ஒரு வாய் எடுத்துத் தான் சாப்பிட்டார். பிறகுதான் பிள்ளையின் பக்கம் சட்டியைத் தள்ளினார். அந்தப் பெண் சாப்பிட்டாள் பாருங்கள்! முழங்கை வரை வழிய, கீரையோடு சேர்த்து, ஒரு பருக்கை கீழே விடாமல். நான் தயார் செய்த வசனமெல்லாம் மறந்து போயிற்று.

"இங்க இப்பிடித் துன்றா, அங்க ஏம்மா வாயே தொறக்க மாட்டேன்றா?" என்றேன்.

"உக்காருங்க டீச்சர். ஒரு வாய் துன்னுங்க," என்றார் அவர்.

"இல்லம்மா, வேணாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கோபமே இல்லாத குரலில் அவர் சொன்னார்.

"எங்க ஊர்ல போடறவங்க மொதல்ல ஒரு வாய் துன்னுட்டுதாங்க புள்ளைக்குப் போடுவோம். நீங்க ஒரு நாளும் அந்தச் சோத்த வாய்ல வெச்சதில்லியாமே? கதவ சாத்திக்கினு வேற சோறு துன்றீங்களாம். 'டீச்சருக்கே புடிக்காத சோறும்மா அது'ன்னு வூட்ல வந்து சொல்றா. நான் இன்னா சொல்லி அனுப்பறது?"

காது வரைக்கும் சூடேறியது. கண் படும், வயிறு வலிக்கும் என்பதையெல்லாம் அவரிடம் எந்த வாயால் சொல்வது? வாய்க்கு வாய் சத்து, சத்து என்று அந்தப் பிள்ளைக்கு ஊட்டப் பார்த்தவள், அதே சோற்றுக்குப் பயந்து ஒளிகிறவள் மாதிரி தினமும் கதவுக்குப் பின்னால் போயிருக்கிறேன். வெட்கத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, நீட்டிய சாமைச் சோற்றை வாங்கிச் சாப்பிட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டேன். கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பயிற்சி நோட்டைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது, 'குழந்தைகளோடு சேர்ந்து உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட வேண்டும்'. பக்கத்தில் டிக் அடித்திருந்தேன், செய்கிறவள் மாதிரி.

மறுநாள் காலை உதவியாளர் அக்காவிடம் சண்டைக்கே போனேன். "உங்களுக்குத் தெரியும்ல? ஏங்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவர் கீரை ஆய்ந்துகொண்டே சிரித்தார். "கீழேருந்து வந்தவங்க. எங்க கைச் சோறு ஆவாதுன்னு நெனச்சிக்கினேன். அத எப்பிடிங்க வாய் விட்டுக் கேக்கறது?"

அவர் சிரித்தது எனக்கு அடியைவிட வலித்தது. இத்தனை மாதம் என் பக்கத்தில் நின்று சமைத்தவர், அப்படி நினைத்துக்கொண்டேதான் எனக்கு டீயும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் கோடு அட்டையில் சிவப்பைத் தொடாமல் திரும்பிவிட்டது, அம்மாவும் சாமையை அறுத்துக் களம் சேர்த்துவிட்டார். இதை முன்னமே சொல்லிவிடுகிறேன், நீங்கள் என்னைப் போலப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். எனக்குப் பெரிசு அன்றைய மதியம்தான்.

அவளை அவள் அம்மாவே கொண்டுவந்து விட்டிருந்தார். நான் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, எனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் வரிசையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உதவியாளர் அக்கா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். பதினாறு ஜோடிக் கண்களும் என் தட்டின் மேல். கண் படுவது என்றால் அன்றைக்குத்தான் பட்டிருக்க வேண்டும். ஒரு வாய் சாதம், ஒரு கடி முட்டை. உண்மையைச் சொன்னால் என் வீட்டுச் சமையலைவிட நன்றாக இருந்தது.

அவள் சாப்பிடவில்லை. தட்டை விட்டு எழுந்து, என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"டீச்சர், வாயத் தொறங்க."

திறந்தேன். இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று குனிந்து பார்த்தாள்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினேன்.

"முழுங்கிட்டாங்க," என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு போய் உட்கார்ந்து, தன் முட்டையைக் கையில் எடுத்தாள்.