சாவுச் சேதி சொல்லும் ஜீப்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் யாராவது இறந்துபோனால் ஜீப் வரும். மேலே ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, உள்ளே மைக்கும் பேட்டரியும் வைத்த ஜீப். செல்போன் எல்லோர் கையிலும் வந்தாயிற்று. ஆனால் பாதி மலையில் அது வெறும் டார்ச் லைட்தான். சரிவில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும், லயத்து வரிசை வீடுகளில் படுத்திருக்கும் வயசாளிகளுக்கும் ஜீப் வந்து சொன்னால்தான் சேதி. தேவிகுளம் ரோட்டிலிருந்து அது இறங்கும் சத்தம் கேட்டதுமே கை நின்றுவிடும். யாரோ, யாரோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த மைக்கில் பேசுகிறவர் என் வீட்டுக்காரர். ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் அவருக்கு வேலை. எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் ஓடிவருவது எங்கள் வீட்டுக்குத்தான். பெரிய மேடைப் பேச்சாளர் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் குரல் மூடுபனிக்குள்ளும் போய்ச் சேரும். ஒவ்வொரு லயத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்வார். ஓடுகிற ஜீப்பில் சாவைச் சொல்வது மரியாதை இல்லை என்பார். எங்கள் லயத்துக்கு மேலே ரோட்டில் ஒரு வளைவு உண்டு. அங்கே சரிவைப் பார்த்து ஒருமுறை சொல்வார், லயத்தைப் பார்த்து இன்னொருமுறை சொல்வார்.

இறந்தது யார், எந்த லயம், யாருக்கு அம்மா, யாருக்கு மாமனார், எடுப்பது எப்போது. இவ்வளவும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் கடைசியில் ஒரு வார்த்தை சேர்ப்பார். "மழை நாளில் தன் படுதாவைப் பக்கத்துச் செடி நிரைக்காரிக்குக் கொடுத்துவிட்டு நனைந்த தாய்" என்பார். "கூடை நிறையாதவளுக்கு ரெண்டு கை கொழுந்து அள்ளிப் போட்டவர்" என்பார். ஜனம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் சரிவில் அழுகை கிளம்பும்.

அந்த வார்த்தை அவருக்கு என்னிடமிருந்து வந்தது. கிளம்பும் முன் அடுக்களை வாசலில் வந்து நிற்பார். "புள்ள, அந்தம்மாவப் பத்தி என்ன சொல்ல?" மலையில் அவர்களோடு நாளெல்லாம் நிற்பவள் நான்தானே. யார் எப்படி என்று எனக்குத் தெரியும். ஒருமுறை இறந்தது ஒரு வாட்ச்மேன். வாயைத் திறந்தால் வசவுதான் வரும். "அந்த ஆளப் பத்தி நல்லதா என்னத்தச் சொல்ல? செத்ததுதான் அவரு செஞ்ச நல்ல காரியம்" என்றேன். இவர் நகரவில்லை.

"யோசி புள்ள. ஒண்ணுகூட இல்லாத மனுசன் கெடையாது."

அரிசியைக் களைந்துகொண்டே யோசித்தேன். லயத்து நாய்கள் எல்லாம் அந்த வாட்ச்மேன் பின்னால்தான் போகும். தன் சோற்றில் பாதியை அவற்றுக்கு வைத்துவிடுவார். அதைச் சொன்னேன். "நம் லயத்து வாயில்லா ஜீவன்களுக்குச் சோறு போட்டவர்" என்று மைக்கில் கேட்டபோது, அந்த ஆளிடம் திட்டு வாங்கியே அலுத்துப்போன நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

எல்லா லயத்துக்கும் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்பார்: "கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டுச்சு. எனக்கு மட்டும் கேக்காமப் போயிருமா?" என்று நொடிப்பேன். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

"ஒருநா நீயே வந்து சொல்லேன்" என்று சீண்டவும் செய்வார். என் வீரம் அவருக்குத் தெரியும். வீட்டில் புலி, வெளியில் எலி. நிரையில் நின்று நான் பேச ஆரம்பித்தால் சூப்பர்வைசர் வாயை மூடிக்கொள்வார். ஆனால் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தால் போதும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூட வேலை பார்த்த ஒருத்தியின் ரிட்டையர்மென்ட் விழாவில், ரெண்டு வார்த்தை பேசு என்று என் கையில் மைக்கைத் திணித்தார்கள். "ஹலோ" என்றேன். குழாய் வழியாக என் குரல் என்னிடமே திரும்பி வந்தது. யாரோ பேசுவது போல இருந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. மைக்கை அவள் மடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து மலையில் எனக்குப் பெயர் 'ஹலோக்கா'. நானும் சேர்ந்து சிரித்தேன். சொல்ல நினைத்துப் போனதெல்லாம் வயிற்றிலேயே கிடந்து புளித்தது.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை கம்மியது. மைக்கில் கத்தியதுதான் காரணம் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மழை விட்டது, கம்மல் விடவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்றார். மலையாளத்தில், மெதுவாக, இரண்டு முறை சொன்னார். எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தும் "என்ன சொல்றாரு?" என்று இவரிடமே கேட்டேன்.

"பேச்சு போயிரும்னு சொல்றாரு" என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஜீப் டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஒங்க கொரல் இல்லாம எப்பிடிண்ணே?" என்று தன் செல்போனை நீட்டினார். இவர் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கம்மிய குரலிலேயே பேசிக் கொடுத்தார். "அன்பார்ந்த தோட்டத் தொழிலாளர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, "காலமாகிவிட்டார் என்பதை மிகுந்த துயரத்தோடு தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடியும். நடுவில் பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு தொடர்ந்தார். அந்த இடைவெளியில் டிரைவர் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்பாடு அதுதான்.

அதன்பிறகு சாவு விழும்போதெல்லாம் அவர் குரல் மேல் ரோட்டில் போகும். அவர் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்பார். கழுத்துத் துளையை மூடிய வெள்ளைத் துணி மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். குரல் நிற்கும், டிரைவர் ஒரு பெயரைக் கத்துவார், மறுபடி குரல் வரும். கடைசியில் அந்த ஒரு வார்த்தை மட்டும் இருக்காது. அடுத்து சாகப்போவது யார் என்று தெரிந்தா அதைப் பதிந்து வைக்க முடியும்?

ஆனாலும் பழக்கம் போகவில்லை. சாவு என்று கேள்விப்பட்டதும் அடுக்களை வாசலில் வந்து நிற்பார். என்ன சொல்ல என்று உதடு கேட்கும். நான் யோசித்துச் சொல்வேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அந்த வார்த்தை அடுக்களையைத் தாண்டாது. அவர் முதுகைத் திருப்பிப் போனதும் அடுப்பைப் பார்த்து அழுவேன்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு நாள் அதை வைத்துப் பேசினார். அந்தக் கரகரச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து வீறிட்டது. கருவியை டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். பிறகு உதட்டை மட்டும் அசைப்பார்; நான் அதைப் பார்த்துச் சொல்வேன். கடைக்காரரிடம், டாக்டரிடம், முதலமடையில் மாந்தோப்பு வீட்டில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகளிடம் போனில், எல்லா இடத்திலும் அவருக்கு நான்தான் வாய். ஒருவர் இருவரிடம் பேசுவதில் எனக்கென்ன பயம்? கிராமசபையில்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேல் மரப்பாலம். ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டி வராது. நோயாளியைக் கம்பளியில் போட்டுத் தூக்கித்தான் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கிராமசபை கூடும்போதெல்லாம் அவர் எழுந்து அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுவார். குரல் போன பிறகு வந்த கிராமசபைக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"அங்க போயி என்ன செய்யப் போறீங்க?" என்றேன். பதிலுக்கு என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார்.

அவர் எழுந்ததும் கூட்டம் அடங்கிவிட்டது. அவரால் பேச முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். மெம்பர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தார். எழுந்தேன். கூட்டத்தை நான் பார்க்கவே இல்லை. அவர் உதட்டை மட்டும் பார்த்தேன். அது அசைந்தால் சொன்னேன், நின்றால் நின்றேன். தமிழும் மலையாளமும் கலந்து வந்தது. பாதியில் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மழையில், தூக்கிப்போன கம்பளியிலேயே பெற்றதைச் சொன்னேன். அது அவர் சொல்லாதது. வந்த வார்த்தைகளும் முன்னும் பின்னுமாக வந்தன. ஒரு சொல் தப்பினால் பொறுக்காத மனுஷர், கையைக் காட்டி நிறுத்தப்போகிறார் என்று பயந்தேன். அவர் உதட்டை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்து உட்கார்ந்த பிறகுதான் அவரும் உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது மரப்பாலத்தில் நின்று, சும்மா சீண்டலுக்கு, "கேட்டுச்சா?" என்றேன். தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. பாலம் இன்னும் மரப்பாலம்தான்.

அதற்குப் பிறகும் சில கூட்டங்களில் பேசினேன். "ஹலோக்கா வாயத் தொறந்துட்டா" என்று மலையில் சொன்னார்கள். எனக்குப் பயம் போய்விட்டது என்று ஊர் நினைத்தது. நானும் நினைத்தேன். எதிரில் அவர் உதடு இருந்தது, அவ்வளவுதான்.

நோய் திரும்பி வந்தது. மகள் வந்து கூட இருந்தாள். ஒரு நாள் விடியும் நேரத்தில், என் கை அவர் நெஞ்சின் மேல் இருக்கும்போதே, கழுத்தின் வெள்ளைத் துணி ஏறி இறங்குவதை நிறுத்தியது. அது நின்றதை நான் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

வெயில் ஏறும் முன் டிரைவர் வந்தார். வாசலில் நின்று துண்டைப் பிசைந்தார். "அக்கா, ஜீப்ப எடுக்கணும். மத்தவங்களுக்குப் போடுத மாதிரி அண்ணன் கொரலையே..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சாவை அவரே சொல்லப்போகிறார். தன் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, டிரைவர் பெயரைச் சொன்னதும் "காலமாகிவிட்டார்" என்று தொடரப்போகிறார்.

"அப்பா கொரல்தானேம்மா. கடேசியா ஒருக்கா எல்லாரும் கேக்கட்டுமே" என்றாள் மகள், அழுதுகொண்டே.

எனக்கு மட்டும் ஆசையில்லையா? அந்தக் குரலை இன்னொரு தடவை மலை முழுக்கக் கேட்க என் உடம்பே ஏங்கியது. ஆனால் அதில் அவருக்கான ஒரு வார்த்தை இல்லை. வசவு வாட்ச்மேனுக்குக்கூட ஒன்று கிடைத்தது. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் தேடித் தேடிச் சொன்ன மனுஷர், தனக்கென்று ஒன்றில்லாமல் மண்ணுக்குள் போவதா?

"நான் வாரேன்" என்றேன் டிரைவரிடம்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாவு வீட்டுக்காரி ஜீப்புல ஏறுனா ஊரு என்னம்மா சொல்லும்?" முதலமடைக்குப் போய் அவள் பேச்சில் ஒட்டிக்கொண்ட 'ங்க' எல்லாம் உதிர்ந்துபோய், பிறந்த லயத்தின் பேச்சே வந்திருந்தது.

"ஊரு சொல்ல வேண்டாம். கேக்கட்டும்" என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

மரப்பாலத்தைத் தாண்டி மேலே ஏறினேன். வழியெல்லாம் அந்த வார்த்தையைத் தேடினேன். அவரைப் பற்றி என்ன சொல்ல? நன்றாகப் பேசுவார், அது ஊருக்கே தெரியும். உதவி செய்வார், அதுவும் தெரியும். யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்டு வாங்கிக்கொள்ள அவருக்கு நான் இருந்தேன். எனக்கு யாரும் இல்லை.

வளைவில் டிரைவர் ஜீப்பை நிறுத்தி மைக்கைத் தந்தார். சரிவில் பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. பார்த்துப் பேச எதிரில் உதடு இல்லை.

"ஹலோ" என்றேன்.

குழாய் வழியாக என் குரல் திரும்பி வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. வளையல் சத்தம்தான் மைக்கில் கேட்டது. சரிவில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் நகரவும் இல்லை. நான் பேசட்டும் என்று அப்படியே நின்றார்கள். அந்தக் கிராமசபையில் அவரும் அப்படித்தான் நின்றார். வார்த்தை அங்கேதான் கிடைத்தது.

அவர் பெயரைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். "இன்னிக்கு விடியால போயிட்டாரு. சாயங்காலம் எடுக்கோம்" என்றேன். பிறகு சொன்னேன்:

"இவரு பேசுனத நீங்க எல்லாரும் கேட்டிருக்கீங்க. நான் பேசுனத இவரு கேட்டாரு. கூட்டத்துல தப்புந்தவறுமா ஒளறுனப்பக்கூட கையக் காட்டி நிறுத்தல. பொண்டாட்டி பேசுறத முழுசாக் கேட்ட மனுசன்."

சரிவில் அழுகை கிளம்பியது. நான் லயத்தின் பக்கம் திரும்பி, அவர் செய்வது போலவே, எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னேன். பிறகு மற்ற லயங்களுக்குப் போனோம். பயம் கடைசி லயம் வரைக்கும் கூடவே வந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் படுதா கட்டி, அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் புதுத் துணி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், நேராக அவர் தலைமாட்டுக்குப் போனேன். குனிந்து காதருகே கேட்டேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. இங்க வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு" என்றாள் மகள், பின்னாலிருந்து.

நான் அவளைக் கேட்கவில்லை.