பாய்க்காரியின் எல்லைத் தாழை

கல்லைப் பார்த்ததும் பாய்க்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கல் அங்கே இருக்கவே கூடாது.

தெருவில் எல்லோருக்கும் அவள் பாய்க்காரிதான். அவள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே, உப்புக்காற்று அடிக்கும் மணலில் நிற்கும் தாழைதான் அவளுக்குச் சோறு போட்டது. அதில் கை வைப்பது விளையாட்டில்லை. மடலின் இரண்டு விளிம்பிலும் முள், போதாதென்று நடு நரம்பின் அடியிலும் முள். அவள் மூன்றே இழுப்பில் அத்தனையையும் சீவித் தள்ளி, மடலை வேகவைத்துக் காயப்போட்டு, கீற்றாகக் கிழித்துப் பாய் முடைந்துவிடுவாள். மரத்தைச் சுற்றி ஊன்றி நிற்கும் விழுதுகளில் ஒன்றிரண்டை நசுக்கிக் கயிறும் திரிப்பாள். காய்க்காத ஆண் மரம் அது. பூத்தால் மட்டும் தெருவே மணக்கும்.

முப்பது வருடத்துக்கு முன் அப்பா இடத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, தாழை அடியில் கல் நட்டு, "இதுதான் எல்லை" என்றார். நாளடைவில் கல்லை மணல் மூடிவிட்டது. மரம் இருக்கும்போது கல்லை யார் தேடப்போகிறார்கள்!

தம்பி தச்சன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எல்லையில் சுவர் எழுப்ப நூல் பிடித்தவன், அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, பிரிக்கும்போது நானே அளந்தேன். என் வீட்டுச் சுவர்ல இருந்து தாழைக்குப் பதினெட்டு அடி. இப்ப பதினஞ்சுதான் இருக்கு."

"மரத்துக்கு என்ன, கால் மொளைச்சு நடந்து வந்துச்சாடா? இத்தனை வருஷமா அது மேல கை வைக்கிறவ நானு. எனக்குத் தெரியாதா?"

தெருவே சிரித்தது. அவன் நூலைச் சுருட்டிக்கொண்டு போனவன்தான், அதன் பிறகு பேச்சு வார்த்தையே இல்லை. நிலத்துக்கு ஆசைப்பட்டவன் என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரத்தின் அடிவரைக்கும் மடல் காயப்போடும் கொட்டகையை நீட்டிப் போட்டாள். அதுவரை வசதிக்காகத் தன் பக்கத்தில் மட்டும் மடல் அறுத்தவள், அன்றிலிருந்து வீம்புக்கு அறுத்தாள். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்று காலை தெரு முழுவதையும் மறுபடி அளக்க சர்வேயர் வந்தார். தெருமுனைக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து வந்து, கொட்டகைக்கு உள்ளேயே நின்றார்.

"இங்க தோண்டுங்க."

"தாழை அங்க நிக்குது, இங்க எதுக்கு சார்?" என்று அவள் சிரித்தாள்.

இரண்டடி ஆழத்தில் கல் வந்தது. அதை ஒட்டி, மட்கிப்போன ஓர் அடிமரம்.

அவள் குழியில் இறங்கி அதைக் கிள்ளிப் பார்த்தாள். நார் நாராக வந்தது. தினமும் கை பழகிய நார். மொட்டையடித்த இந்தப் பக்கக் கிளைகள் குன்றிப்போக, தொடாத அந்தப் பக்கம் கனத்துச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலெல்லாம் விழுது இறக்கியிருக்கிறது. பழைய அடி செத்து மண்ணாகிவிட்டது. மரம் நடந்துதான் போயிருக்கிறது. ஒவ்வொரு மடலாக அறுத்து அதைத் தம்பி நிலத்துக்குள் தள்ளியவள் அவளேதான்.

தம்பி குழிக்கு மேலே வந்து நின்றான். தலை நரைத்துவிட்டதே இவனுக்கு என்று அப்போதுதான் கவனித்தாள்.

"ஏண்டா, அன்னைக்கே தோண்டிப் பாக்கலாம்னு சொல்லக் கூடாதா? கோவத்துல பேசாமப் போயிட்டியே!"

"கோவம் இல்லக்கா, வெக்கம். நீ பொய் சொல்ற ஆள் இல்ல. நான்தான் தப்பா அளந்துட்டேன்னு நம்பிட்டேன்." அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுக்கப்புறம் ஒரு பலகையக்கூட ஒரே தடவை அளந்து அறுக்க எனக்குத் தைரியம் வரல. பட்டறையையும் மூடிட்டு, இன்னொருத்தர் அளந்து குடுக்கறதைத்தான் அறுத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் மேலே ஏறவும் தோன்றாமல் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.